டிசம்பர் பிறந்தநாளுக்கு ப்ளூ டோபாஸ் வாங்கலாமா?

மற்ற மாதங்களில் பிறந்தவர்களுக்குப் பிறந்த மாதக் கல் பெரும்பாலும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு மூன்று. டிசம்பர்காரர்களுக்கோ நான்கைக் காட்டுகிறார்கள்: டர்காய்ஸ், ஜிர்கான், டான்சனைட், ப்ளூ டோபாஸ். எல்லாமே நீலக் குடும்பத்து நிறம். கடையில் ஒரே தட்டில் வரிசையாக வைத்தால் எது கண்ணுக்குப் பிடிக்கிறது என்று யாரும் சொல்லிவிடலாம். ஐந்து வருடம் போட்ட பிறகும் எது அப்படியே இருக்கும், எதை விரலில் போடலாம், எதைக் காதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், கொடுக்கிற பணத்துக்கு எது பெறும் என்பதெல்லாம் தட்டைப் பார்த்துத் தெரியாது. மகளுக்கோ மருமகளுக்கோ, சொந்தச் சம்பளத்தில் தனக்கோ வாங்கப்போகிறவர்கள் கடைக்குள் நுழையும் முன்பே யோசித்துவிட வேண்டியவை இவை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு ப்ளூ டோபாஸ்தான் சரி. ஆனால் அது எப்படி நீலமானது என்று தெரிந்துகொண்டு, அதற்குரிய விலையை மட்டும் கொடுத்து, அதற்கு ஏற்ற விதத்தில் நகையில் பதித்து வாங்க வேண்டும். இதில் எதை விட்டாலும் வருத்தப்பட வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். இது ராசிக்கல் பற்றிய கட்டுரை அல்ல. பிறந்த மாதக் கல் பட்டியலுக்கும் ஜாதகத்துக்கும் சம்பந்தமே கிடையாது. 1912-இல் அமெரிக்க நகை வியாபாரிகளின் சங்கம் கன்சாஸில் கூடி வகுத்த பட்டியல்தான் இன்று உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அதில் டிசம்பருக்கு டர்காய்ஸும் லாபிஸ் லசுலி என்ற கருநீலக் கல்லும் இருந்தன. 1952-இல் லாபிஸை எடுத்துவிட்டு ஜிர்கானை வைத்தார்கள். 2002-இல் டான்சனைட் சேர்ந்தது. டோபாஸ் முதலில் நவம்பர் மாதக் கல். நீல டோபாஸ் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு டிசம்பரிலும் இடம்பிடித்துக்கொண்டது. ஜோதிடர் எழுதிக் கொடுத்த சீட்டோடு கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும்: குருவுக்குச் சொல்லப்படும் கனக புஷ்பராகம் கொரண்டம் என்ற கனிம வகை, நீலக்கல்லின் உடன்பிறப்பு. மஞ்சளாக இருக்கிறது என்பதற்காக டோபாஸை அந்த விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.

நீலம் எங்கிருந்து வந்தது

பூமியிலிருந்து எடுக்கும் டோபாஸில் பெரும்பகுதிக்கு நிறமே கிடையாது. இயற்கையாகவே நீலமாகக் கிடைப்பதும் உண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் மேசன் கவுண்டியில் கிடைக்கும் அந்தக் கல்லை 1969-இல் மாநிலத்தின் ரத்தினமாகவே அறிவித்தார்கள். ஆனால் இயற்கை நீலம் பெரும்பாலும் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்ட அளவுக்குத்தான் இருக்கும். நகைக்கடையில் பளிச்சென்று தெரியும் நீலம், நிறமற்ற டோபாஸைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி உண்டாக்கியது.

ஸ்கை ப்ளூ எனப்படும் வெளிர் நீலத்துக்குப் பெரும்பாலும் எலக்ட்ரான் முடுக்கியைப் பயன்படுத்துகிறார்கள். அதிலிருந்து வெளியே வரும்போது கல் பழுப்பாகவோ பச்சை கலந்தோ இருக்கும். பிறகு மிதமாகச் சூடாக்கினால் அந்தப் பழுப்பு கலைந்து நீலம் மட்டும் நிற்கும். லண்டன் ப்ளூ என்கிற கருநீலத்துக்கு அணு உலையின் நியூட்ரான்கள் வேண்டும். நடுவில் இருக்கும் ஸ்விஸ் ப்ளூவுக்குப் பல சமயம் இரண்டு முறைகளையும் அடுத்தடுத்துச் செய்கிறார்கள்.

கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் "உடம்புக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்காதவர்கள் இல்லை. நியாயமான கேள்வி. நியூட்ரான் பட்ட கல்லில் உள்ள நுண்ணிய அசுத்தங்கள் சில காலம் கதிரியக்கத்தோடு இருக்கும். அதனால்தான் அத்தகைய கற்களை உடனே விற்பதில்லை. அளவு பாதுகாப்பான எல்லைக்குக் கீழே இறங்கும்வரை சில மாதங்கள், சில கற்களை வருடக்கணக்கில்கூட, பூட்டி வைக்கிறார்கள். அமெரிக்காவில் இதை அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமே கண்காணிக்கிறது. அளந்து பார்த்த பிறகுதான் கல் சந்தைக்கு வர முடியும். அப்படி முறையாக வந்த கல்லைப் போடுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. இந்த நிறம் வெயிலிலும் வெளிறாது. தினசரி நகைக்கு இது பெரிய விஷயம்.

எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். "இயற்கை நீலம், கையே வைக்காதது" என்று சொல்லி இதை விற்கும்போது. நிறமேற்றியது குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம். ப்ளூ டோபாஸில் நிறமேற்றாத கல் அவ்வளவு அபூர்வம் என்பதால், அப்படி யாராவது சொன்னால் ஆய்வுக்கூட அறிக்கை கேளுங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: டோபாஸின் நீலம் இயற்கையா, கதிர்வீச்சா என்பதைப் பல சமயம் ஆய்வுக்கூடங்களாலேயே உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. ஆகவே எல்லா ப்ளூ டோபாஸும் நிறமேற்றியதே என்று எடுத்துக்கொண்டு விலை பேசுவதுதான் புத்திசாலித்தனம்.

விலை என்றால், இந்த நான்கில் முகப்பு வெட்டுப் போட்ட பளபளப்பான கற்களில் இதுதான் மலிவு. காரட் எடைக்குச் சில நூறு ரூபாய் என்ற அளவில் நல்ல கல் கிடைக்கும். லண்டன் ப்ளூ சற்றுக் கூடுதல். டோபாஸ் மிகப் பெரிய படிகங்களாக வளரும் கல். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 22,892 காரட் எடையுள்ள, பட்டை தீட்டிய ஒரு மஞ்சள் டோபாஸ் இருக்கிறது. நான்கரைக் கிலோவுக்கு மேல். அதனால் கல் பெரிதானால் காரட் விலை தாவி ஏறுகிற வழக்கம் இங்கே இல்லை. "பெரிய கல், அபூர்வம்" என்று சொல்லி விலை ஏற்றினால் நம்ப வேண்டாம். உள்ளே புள்ளி, கீறல், மேகம் தெரியும் கல்லையும் ஒதுக்கிவிடலாம். சுத்தமான கல் இவ்வளவு எளிதாகக் கிடைக்கும்போது அழுக்கானதை ஏன் எடுக்க வேண்டும்?

பணம் கொடுக்க வேண்டியது வெட்டுக்கு. கல்லை முகம் மேலாக வைத்து அச்சடித்த தாளின் மேல் வையுங்கள். நடுவில் எழுத்து தெளிவாகப் படிக்க முடிந்தால் அடிப்பாகத்தை மட்டமாக வெட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் திரும்பி வராமல் அடிவழியாக ஓடிவிடும். மோதிரத்தில் பதித்த பிறகு அந்தக் கல்லின் நடுவில் விரல்தான் தெரியும். ஸ்கை ப்ளூவில் இந்தக் குறை உடனே கண்ணில் படும். லண்டன் ப்ளூவில் எதிர்ப் பிரச்சினை: பெரிய, ஆழமான கல்லாக எடுத்தால் கல்யாண மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் கறுப்பாகத் தெரியும். கடையின் வெள்ளை விளக்கை நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து பாருங்கள். தயங்காமல் கேளுங்கள், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

மேலே பூச்சுப் பூசி வானவில் நிறம் காட்டும் டோபாஸும் விற்கிறது. அது மெல்லிய உலோகப் படலம். விளிம்பில் தேய்ந்து பல்லிளிக்கும். வேண்டாம்.

கடினம் வேறு, உறுதி வேறு

கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் 8 என்ற படிக்கு அடையாளக் கனிமமே டோபாஸ்தான். வீட்டுத் தூசியில் குவார்ட்ஸ் மணல் உண்டு. அதன் கடினம் 7. அதற்குக் கீழே உள்ள எந்தக் கல்லும் துடைக்கத் துடைக்க மங்கும். டோபாஸ் மங்காது. விற்பனையாளர்கள் இதைச் சரியாகவே சொல்கிறார்கள்.

அவர்கள் சொல்லாமல் விடுவது, டோபாஸ் ஒரு திசையில் மிக எளிதாகப் பிளக்கும் என்பதை. அந்தத் திசையில் அணுக்களின் பிடிப்பு பலவீனம். கிரானைட் மேடையில் ஒரு இடி, குக்கர் கைப்பிடியில் ஒரு மோதல், சரியான கோணத்தில் பட்டுவிட்டால் போதும். கீறலே விழாத கல் வழவழப்பான தளமாக இரண்டாகப் பிளந்துவிடும். கீறலைத் தாங்குவது ஒன்று, அடியைத் தாங்குவது வேறு. அதனால் டோபாஸ் மோதிரம் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நான்கு கொக்கிகளில் உயரமாகத் தூக்கி வைத்த மோதிரம் வேண்டாம். கல்லின் இடுப்பைச் சுற்றித் தங்கம் வளைத்துப் பிடிக்கும் அமைப்பில், விரலோடு ஒட்டித் தாழ்வாக இருந்தால் போதும்.

டான்சனைட்: அழகிலே முதல், விரலுக்குக் கடைசி

1967-இல் தான்சானியாவில் அருஷாவுக்கு அருகே மெரெலானி குன்றுகளில் கிடைத்தது. கனிமத்தின் பெயர் சோய்சைட். அது விற்பனைக்கு உதவாது என்று நியூயார்க்கின் டிஃப்பனி நிறுவனம் நாட்டின் பெயரால் டான்சனைட் என்று வைத்து 1968-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஒரே இடத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இது வணிக அளவில் கிடைப்பதில்லை. கடத்தலைத் தடுக்க அரசு 2018-இல் சுரங்கப் பகுதியைச் சுற்றி 24 கிலோமீட்டர் சுவரே எழுப்பியது. 2020-இல் சனினியு லைசர் என்ற சிறு சுரங்கத் தொழிலாளி 9 கிலோவுக்கு மேல் ஒன்றும் 5 கிலோவுக்கு மேல் ஒன்றுமாக இரண்டு பெரிய கற்களை எடுத்து அரசுக்கு விற்ற செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள்.

நல்ல டான்சனைட்டைக் கையில் எடுத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் நீலம், கொஞ்சம் திருப்பினால் ஊதா. பகல் வெளிச்சத்தில் நீலம் மேலோங்கும். மஞ்சள் விளக்கின் கீழ் ஊதா. டோபாஸில் இந்த உயிரோட்டம் கிடையாது, ஒப்புக்கொள்ள வேண்டும். பார்க்கிற நிமிடத்தில் யாருக்கும் டான்சனைட்தான் பிடிக்கும்.

ஆனால் கடினம் 6 முதல் 7 வரைதான். பிளக்கும் குணமும் உண்டு. திடீர்ச் சூடு, குளிர்ச்சியும் ஆகாது. விலை காரட்டுக்குப் பல ஆயிரங்களில் தொடங்கி, அடர்ந்த நிறத்துக்குப் பத்தாயிரங்களில் போகும். தினமும் போட்ட டான்சனைட் மோதிரம் சில வருடங்களில் முகப்பு விளிம்புகள் உருண்டு, மேல்தளம் பனி படிந்தாற்போல் ஆவதைத் தடுப்பது கடினம். பதக்கத்துக்கும் காதணிக்கும் பணம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். "சுரங்கம் தீரப்போகிறது, விலை பல மடங்கு ஆகும்" என்று சொல்லி விற்றால் அந்தக் காரணத்துக்காக மட்டும் வாங்காதீர்கள். திரும்ப விற்கப் போகும்போது அதே ஆர்வத்தோடு வாங்க ஆள் கிடைப்பது அரிது. டான்சனைட்டும் பழுப்புக் கல்லைச் சூடாக்கித்தான் நீலமாக்கப்படுகிறது. ஆகவே "டோபாஸ் செயற்கை நிறம், இது இயற்கை நிறம்" என்ற பேச்சும் எடுபடாது.

ஜிர்கான்: பெயராலே கெட்டது

இந்த நான்கில் நியாயமாகக் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைக்காத கல் இதுதான். நம் ஊர்க் கடையில் ஜிர்கான் என்று கேட்டால் பலரும் எடுத்துக் காட்டுவது அமெரிக்கன் டைமண்ட், அதாவது க்யூபிக் ஜிர்கோனியா. அது ஆலையில் செய்த கல். ஜிர்கான் பூமியில் கிடைக்கும் கனிமம். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஜிர்கான் துகள்களுக்கு 440 கோடி ஆண்டு வயது. பூமியில் கண்டெடுத்ததிலேயே பழைய கனிமம் அது. இலங்கையில் நிறமற்ற ஜிர்கானுக்கு மாத்தறை வைரம் என்று பெயர் வரும் அளவுக்கு ஒரு காலத்தில் வைரத்துக்குப் பதிலாக அணிந்தார்கள்.

நீல ஜிர்கானின் பேர்பெற்ற ஊற்று கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணம். பழுப்புக் கல்லைக் கடும் சூட்டில் வைத்து நீலமாக்குகிறார்கள். ஒளியைச் சிதறடிப்பதில் வைரத்துக்கு மிக நெருக்கமாக வரும் இயற்கைக் கல் இது. டோபாஸும் டான்சனைட்டும் பக்கத்தில் நிற்க முடியாது. பத்து மடங்கு பெருக்கும் லூப்பை எடுத்து, மேல்தளத்தின் வழியாக உள்ளே பார்த்தபடி கல்லைச் சற்றுத் திருப்புங்கள். அடிப்பாகத்து வெட்டுக்கோடுகள் ஒவ்வொன்றும் இரட்டையாகத் தெரியும். க்யூபிக் ஜிர்கோனியாவில் எந்தக் கோணத்திலும் ஒற்றைக் கோடுதான். ஆய்வுக்கூடம் போகாமலே வீட்டில் செய்யக்கூடிய, ஏமாற்றாத சோதனை இது.

குறை என்னவென்றால் விளிம்புகள் பொடிந்துவிடும். பொட்டலத்தில் மற்ற ஜிர்கான்களோடு உரசினாலே முனைகள் உதிரும் என்பதால் வியாபாரிகள் ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் மடித்து வைப்பார்கள். நீண்ட நாள் கடும் வெயில் பட்டால் சில கற்களின் நீலம் மங்குவதும் உண்டு. மோதிரத்துக்கு வேண்டாம். காதில் ஒரு சோடி நீல ஜிர்கான் கம்மல் ஆடும்போது வரும் மினுமினுப்புக்கு ப்ளூ டோபாஸ் ஈடாகாது. கிடைத்தால் வாங்குங்கள், தேடித்தான் பிடிக்க வேண்டும்.

டர்காய்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஈரானின் நிஷாப்பூர் கல் உலகப் புகழ் பெற்றது. ஆனால் கடினம் 5 முதல் 6 வரை, நுண்துளைகள் உள்ளது. எண்ணெய்க் குளியல், மஞ்சள், சந்தனம், சென்ட், வியர்வை எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையடித்துப் போகும். நம் வீடுகளின் பழக்கத்துக்கு இது ஒத்துவராது. பிசின் ஏற்றி இறுக்கியதும், வெள்ளை ஹவ்லைட் கல்லுக்குச் சாயம் ஏற்றியதும்தான் சந்தையில் நிறைய. வெள்ளியில், எப்போதாவது போடும் நகையாக என்றால் அழகு.

பக்கத்தில் நிற்கும் அக்வாமரின்

மார்ச் மாதக் கல் என்றாலும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஸ்கை ப்ளூ டோபாஸை அக்வாமரின் என்று பல மடங்கு விலைக்கு விற்கும் வழக்கம் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எடை காட்டிக்கொடுக்கும்: டோபாஸின் அடர்த்தி 3.5, அக்வாமரினுக்கு 2.7. ஒரே அளவு, ஒரே வெட்டில் டோபாஸ் நாலு காரட் என்றால் அக்வாமரின் மூன்று காரட்தான் நிற்கும். அக்வாமரின் பெரில் குடும்பம். நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த மணிகளிலும் பெரில் உண்டு. காங்கேயம் பக்கத்துப் படியூர் அந்தக் காலத்திலேயே பெரிலுக்குப் பேர்போன ஊர். கடினம் ஏறக்குறைய டோபாஸ் அளவுதான், ஆனால் எளிதில் பிளக்காது. வெளிர் நீலம்தான் பிடிக்கும், தினமும் மோதிரமாகப் போட வேண்டும், பணம் ஒரு பொருட்டில்லை என்கிறவர்கள் மாதக் கணக்கை மறந்துவிட்டு இதை எடுப்பதே மேல். அதே நிபந்தனையில் கருநீலம் வேண்டும் என்றால் நீலக்கல். கடினம் 9, பிளப்பும் இல்லை. ஜாதகம் பார்க்காமல் நீலம் போட வீட்டில் சம்மதிப்பார்களா என்பது அவரவர் வீட்டு விஷயம்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். கல்லூரிப் பெண்ணுக்குத் தினமும் போட ஒரு சோடித் தோடு: ஸ்விஸ் ப்ளூ டோபாஸ், யோசனையே வேண்டாம். காதில் அடி படாது, வெயிலில் நிறம் போகாது, தொலைந்தாலும் மனம் உடையாது. வேலைக்குப் போகிறவரின் மோதிரம்: லண்டன் ப்ளூ, இரண்டு காரட்டுக்கு மேல் போகாமல், சுற்றிலும் தங்கம் பிடித்த அமைப்பில். இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு ஒரே ஒரு பதக்கம், பட்டுப்புடவையோடு வருடத்தில் நாலு முறை போடுவதற்கு: டான்சனைட், அறிக்கையோடு.

தங்கமும் பில்லும்

கல் நகைக்கு 22 காரட் தங்கம் மிருது. நமக்கு 916 என்றால்தான் திருப்தி. ஆனால் மெல்லிய கொக்கிகள் 22 காரட்டில் சீக்கிரம் வளையும், கல் கழன்று விழும். டோபாஸுக்கு 18 காரட் போதும். 14 காரட் இன்னும் உறுதி. வெள்ளியிலும் ஸ்கை ப்ளூ நன்றாகவே இருக்கும், கல்லின் விலைக்கும் அதுதான் பொருத்தம். அடியை மூடிக் கல் பதிக்கும் பழைய முறையில், கல்லின் பின்னால் நிறத்தாள் வைத்து வெளிர்க்கல்லை அடர்நிறமாகக் காட்ட முடியும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அடி திறந்திருக்கும் நகையே பாதுகாப்பு.

பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஐந்து காரட் கல் என்பது ஒரு கிராம். அதைத் தங்கத்தோடு சேர்த்து எடை போட்டால் சில நூறு ரூபாய்க் கல்லுக்கு ஒரு கிராம் தங்கத்தின் விலை கொடுக்கிறீர்கள். ஹால்மார்க் முத்திரையும், நகைக்கு நகை மாறும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க எச்யூஐடி குறியும் தங்கத்தின் தரத்துக்குத்தான். கல்லைப் பற்றி அவை எதுவும் சொல்லாது. நகையை மாற்றப் போகும்போது பெரும்பாலான கடைகள் டோபாஸைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே பணம் தருவார்கள். ஆகவே கல்லுக்குக் கொடுத்த பணம் போட்டு மகிழ்வதற்கானது என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் வெறும் "கலர் ஸ்டோன்" என்று எழுதவிடாமல், "ப்ளூ டோபாஸ், கதிர்வீச்சு நிறம்" என்று எழுதி வாங்குங்கள். ஐயாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட டோபாஸுக்கு ஆய்வுக்கூடச் செலவு வீண். டான்சனைட்டுக்கும் அக்வாமரினுக்கும் அறிக்கை இல்லாமல் வாங்கவே கூடாது.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்த பூந்திக்கொட்டை நுரையும் மிருதுவான பிரஷும் போதும். கடையில் "இரண்டே நிமிடம்" என்று அல்ட்ராசோனிக் தொட்டியிலோ நீராவியிலோ போட்டு எடுக்க விடாதீர்கள். டோபாஸ், டான்சனைட், ஜிர்கான் மூன்றுக்கும் அது ஆகாது. டர்காய்ஸை ஈரத்துணியால் துடைத்தால் சரி. மோதிரத்தைப் பெரிதாக்கப் பத்தரிடம் கொடுக்கும்போது, கல்லைக் கழற்றிவிட்டுத்தான் நெருப்பு வைக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தச் சூட்டில் டோபாஸ் பிளக்கலாம், நீலமும் இறங்கிப் போகலாம். கழற்றிப் பதிக்கக் கூடுதல் கூலி கேட்பார். அது கொடுக்க வேண்டிய கூலிதான்.